தண்ணீர் திரும்பும் நேரம்

கடலில் முங்கிவிட்டு வந்த ரப்பர் உடையை நேர் வெயிலில் காயப்போடக் கூடாது. நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே புரட்டி, நிழலில் மாட்ட வேண்டும். எங்கள் கடைக்கு ஸ்கூபா பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான், நீச்சலெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் காவலர் என் கொழுந்தனின் உடையை ஜீப்பின் மேல் விரித்துப் போட்டிருக்கிறார். இன்னும் கொஞ்சம் வெயில் கண்டால் முட்டிப் பக்கம் வெடித்துவிடும். இனி அதைப் போட ஆள் இல்லைதான், இருந்தாலும் நல்ல உடை. போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி எப்போதும் ஈரமாகவே இருக்கும், இதில் உட்காருங்கள். சிலிண்டருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டேன், இனிப் பேசினால் காதில் விழும். விபத்து என்று எழுதி முடிக்கப் போகிறீர்கள் என்று எங்கள் படகு ஓட்டும் பெரியப்பா சொன்னார். அவர் யாருக்கும் பெரியப்பா இல்லை. இந்தக் கரையில் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அவர் சொன்னதைக் கேட்டதும்தான் உங்களை வரச் சொன்னேன். விபத்து என்று எழுதிவிட்டால் நான் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

முதலில் அந்த இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பவளத்திட்டு என்பது கரைக்கு எதிரே கட்டிய காம்பவுண்டுச் சுவர் மாதிரி. சுவருக்கு இந்தப் பக்கம் ஆழமில்லாத தண்ணீர், பல இடங்களில் கழுத்தளவுதான் இருக்கும். அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கும், அடி தெரியாது. இவ்வளவு நீளச் சுவரில் ஒரே ஓர் இடைவெளி. அதை நாங்கள் வாசல் என்போம். கடல் ஏறும்போது வெளித்தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வரும். அப்போது தண்ணீர் அவ்வளவு தெளிவு, மீனின் செதிளை எண்ணிவிடலாம். கடல் வற்றும்போது உள்ளே தேங்கியதெல்லாம் அதே வாசல் வழியாகக் கலங்கலாக வெளியே ஓடும். ஓடிப்போய், சுவரின் விளிம்பில் அப்படியே கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் மாட்டிக்கொண்டால் நீங்கள் விடும் மூச்சுக் குமிழிகூட மேலே போகாது. அதுவும் கீழே போகும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தண்ணீர் சும்மா நிற்கும். இறங்கினால் அப்போதுதான் இறங்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்கிறீர்களே, அது துறைமுகத்துக்கு எழுதியது. வாசலுக்கு அதிலிருந்து கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். சில நாட்கள் விடாமல் காற்று கரையைப் பார்த்து அடித்தால் அலை சுவரைத் தாண்டி உள்ளே தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே தளும்பிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் வற்றம் அட்டவணையை மதிக்காது, முன்கூட்டியே தொடங்கிவிடும். வேகமும் அதிகம். இதையெல்லாம் பார்த்து நேரம் சொல்வது இந்தக் கடையில் என் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து என் வேலை. என் கணவர் சிலிண்டரையும் ஆட்களையும் பார்த்துக்கொள்வார், நான் நேரம் சொல்வேன். "இவ சொன்னா கடலே கேக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்.

உள்ளே இறங்கிவிட்டவர்களுக்கு இன்னோர் அடையாளம் உண்டு. பாறையை ஒட்டிக் கூட்டமாக நிற்கும் சின்ன ஆரஞ்சு மீன்கள் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும், இரை அங்கிருந்துதானே வருகிறது. ஏற்றத்தில் கடலைப் பார்த்து நிற்கும். வற்றம் தொடங்கியதும் எல்லாம் திரும்பிக் கரையைப் பார்க்கும். மீன் திரும்பிவிட்டால் நாமும் மூட்டை கட்டிவிட வேண்டும்.

என் கணவர் வாசலில்தான் இறந்தார். அவரும் அவர் தம்பியும் ஜோடியாக இறங்கினார்கள். தம்பிக்குப் படம் எடுக்கும் பைத்தியம், கேமரா இல்லாமல் குளிக்கக்கூடப் போகமாட்டான் என்று வீட்டில் கேலி செய்வோம். நான் படகில் இருந்தேன். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் காற்று. தண்ணீருக்குள் ஜோடி என்றால் விளையாட்டில்லை, சார். ஒருவர் கண் மற்றவரை விட்டு அகலக் கூடாது, இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பேரும் ஏற வேண்டும். அன்று மேலே வந்தது ஒரு தலை. யாருடைய தலை என்று தெரியும்வரை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகக்கண்ணாடியைக் கழற்றினான், தம்பி. கண்ணாடிக்குள் ரத்தம் இருந்தது. ரொம்ப ஆழத்துக்கு அவசரமாகப் போனாலும் அப்படி வரும், சளி பிடித்திருந்தாலும் வரும். கேமரா மட்டும் பத்திரமாக மணிக்கட்டில் தொங்கியது. அந்த நிமிஷமே அவனை வெறுத்துவிட்டேன்.

விசாரணைக்கு அப்போது வேறோர் அதிகாரி வந்தார். இதே அறையில்தான் கேட்டார். "படம் எடுக்கற மும்முரத்துல நேரத்தைக் கவனிக்காம விட்டுட்டேன் சார். தப்பு என்னோடதுதான்" என்று இவன் சொன்னான். எந்நேரம் இறங்கலாம் என்று யார் சொன்னது என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவனே முந்திக்கொண்டு, "நாங்களாத்தான் போனோம்" என்றான். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மறுத்துப் பேசவில்லை. தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவனை எதற்கு மறுக்க வேண்டும்?

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இரண்டே பிள்ளைகள். மூத்தவரை இவன் விட்டுவிட்டு வந்ததற்கு ஓர் அறை, ஒரு வசவு, ஏதாவது இருக்கும் என்று பார்த்தேன். மடியில் போட்டுக்கொண்டு தலையைத் தடவினார். "நீ என்னடா பண்ணுவ, கடல் அப்படி" என்றார். அதோடு முடிந்தது. என் நெஞ்சு ஆறாமல் போனது அங்கேதான். நான் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன், அத்தை கடல் மேல் பழியைப் போடுகிறார். கடல் வந்து பதிலா சொல்லப் போகிறது?

போதாததற்கு, அன்று அவன் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வாசலில் என் கணவர் பக்கவாட்டில் நிற்கிறார், ஒரு கையைத் தூக்கியிருக்கிறார், தலைமுடி மேலே எழும்பியிருக்கிறது, அவரைச் சுற்றி ஆரஞ்சு மீன்கள். சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. அத்தை தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பார், மீன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அத்தனை மீனும் கரையைப் பார்க்கிறது. தண்ணீர் திரும்பிவிட்டது என்று கண்ணால் பார்த்தபிறகும் நின்று நிதானமாகப் படம் எடுத்திருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், வருஷக்கணக்கில். அத்தை ருசி எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பேன்.

அவன் அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை, தண்ணீரில் கால் வைக்கவில்லை. குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். வேறு ஊரில் ஏதோ வேலைக்குப் போனான். அவ்வப்போது வருவான், வந்தால் சும்மா இருக்கமாட்டான். கம்ப்ரஸர் பெல்ட்டை மாற்றுவான், கூரை ஒழுகினால் ஏறுவான். கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "எதுன்னாலும் ஒரு போன் போடுங்க அண்ணி" என்பான். நான் போடவே மாட்டேன். இருந்தும் ஏதாவது பழுதானால் அவனுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும், வந்து நிற்பான். பாவத்தைக் கரைக்க வழி தேடுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த முறை அவன் வந்தபோது காற்று தொடங்கியிருந்தது. இரண்டாம் நாள் மதியம், அத்தை சாப்பிட்டுவிட்டு உள்ளே கண்ணயர்ந்திருந்தார். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து படத்தின் முன்னால் நின்றான்.

"அண்ணி, இந்தப் படத்தை எடுத்துடலாமா?"

"ஏன்? அத்தைக்கு இதுதான் உயிரு."

"மீன் எல்லாம் கரையைப் பாத்து நிக்குது. விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பாத்தா கேப்பாங்க."

"கேக்கட்டுமே. பதில் சொல்ல வேண்டியவன் நீதானே."

அவன் உள்ளறைக் கதவைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"இது நான் எடுத்த முதல் படம், அண்ணி. இறங்கின உடனே எடுத்தது. நாங்க இறங்கும்போதே தண்ணி திரும்பியிருந்துச்சு. மேல போயிடலாம்னு நான் காட்டினேன். அண்ணன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிட்டு சிரிச்சாரு. நீங்க சொன்ன நேரமாம், தப்பா இருக்காதாம். படத்துல கையைத் தூக்கியிருக்காரே, அது அதுதான்."

நான் மேஜையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"யார்கிட்டயும் நான் சொல்லல. அம்மாகிட்டகூட. சொல்லவும் மாட்டேன். நீங்க இதைத் தினமும் பாத்துக்கிட்டு சாப்பிடறீங்களே, அதான் மனசு கேக்கல."

கவனித்தீர்களா சார், எவ்வளவு நயமாகப் பழியைத் தூக்கி என் தலையில் வைத்தான்? இறந்துபோனவரைச் சாட்சிக்கு வேறு கூப்பிட்டுக்கொண்டான். குரலில் கோபம் ஒரு துளி இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனிதன் என்று மதித்திருப்பேன். என்னைப் பார்த்து அவன் பரிதாபப்பட்டான், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. இதைக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். முடிவு எப்போதோ எடுத்தது. நாளைத்தான் அன்று குறித்தேன்.

"நாளைக்கு வாசலுக்குப் போகலாம், வா. உங்க அண்ணன் நின்ன இடத்தை ஒரு தடவ பாக்கணும்" என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒரு நாளாவது கூப்பிட மாட்டீங்களான்னு இருந்தேன் அண்ணி" என்றான். மாலையில் உட்கார்ந்து அண்ணனின் பழைய உடையைத் தன் அளவுக்குச் சரிசெய்துகொண்டான். உடல் கிடைத்ததும் கழற்றி, இப்போது ஜீப்பின் மேல் போட்டிருப்பது அதைத்தான்.

நேரத்தை நான்தான் சொன்னேன். இந்த முறை கணக்கில் ஒரு பிசகும் இல்லை. காற்றையும் அலையையும் சேர்த்துப் பார்த்து, நாங்கள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வற்றத்தின் இழுப்பு முழு வேகத்துக்கு வரும்படி சொன்னேன். பெரியப்பா படகைத் தள்ளும்போதே முனகினார்.

"காத்து இந்த அடி அடிச்சிருக்கும்மா. தண்ணி முன்னாடியே திரும்பிடும்."

"எனக்குத் தெரியும் பெரியப்பா."

"அன்னைக்கும் நான் இதைத்தான் சொன்னேன்..." என்று இழுத்தார்.

"படகை எடுங்க" என்றேன். வயதாகிவிட்டால் ஒரு நாளும் இன்னொரு நாளும் தலைக்குள் குழம்பிவிடும். அவரைக் குறை சொல்லி என்ன?

தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் சைகைதான். ஆமை பார், மேலே போ, காது வலிக்கிறது என்று நிறைய இருக்கின்றன, சிலவற்றை வைத்துக் கிண்டலும் செய்துகொள்வோம். ஒரு சைகையை மட்டும் யாரும் விளையாட்டுக்குக்கூடக் காட்டுவதில்லை. கையை விரித்துக் கழுத்தை அறுப்பது போல் காட்டுவது. எனக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்தால் யோசிக்கக் கூடாது. போய், உன்னிடம் இருக்கும் இரண்டாவது குழாயை, மஞ்சள் நிறத்தில் இருக்கும், அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஏன், எப்படி என்பதெல்லாம் அப்புறம். முதல் நாள் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லும்போது நான் சிரிக்கவே மாட்டேன், அவர்களையும் சிரிக்க விடமாட்டேன்.

இறங்கினோம். தண்ணீர் ஏற்கெனவே பால் கலந்தது போல் இருந்தது. அவன் மீன்களைச் சுட்டிக் காட்டினான், கரையைப் பார்த்து நின்றன. சரி, பரவாயில்லை, வா என்று கை காட்டினேன். அவன் வந்தான். விளிம்புக்கு முன்னால் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் மறைவில் இழுப்புத் தெரியாது. அவனை அங்கே நிறுத்திவிட்டு நான் விளிம்புக்குப் போனேன். என்னிடம் கொக்கி இருந்தது. கயிற்றின் ஒரு முனை இடுப்பில், மறுமுனையில் கொக்கி. உயிருள்ள பவளம் இல்லாத பாறையாகப் பார்த்து மாட்டிவிட்டுக் கையை விட்டால் கொடியில் போட்ட துணி போல ஆடிக்கொண்டே நிற்கலாம். அவனுக்குக் கொக்கி கொடுக்கவில்லை. ஒன்றுதான் இருக்கிறது என்று படகில் சொல்லியிருந்தேன். சுவரில் பாருங்கள், ஆறு தொங்குகின்றன.

இழுப்பு ஏறும்வரை காத்திருந்துவிட்டு, அவனைப் பார்த்துக் கழுத்தில் அந்தச் சைகையைக் காட்டினேன்.

அவன் தயங்குவான் என்று எதிர்பார்த்தேன். தயங்கினால் அது எனக்குப் போதும், மேலே வந்து அத்தையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அவன் தயங்கவில்லை. பாறையை விட்டுவிட்டு நேராக வந்தான். தண்ணீர் அவனை என் மேல் கொண்டுவந்து மோதவிட்டது. ஒரு கையால் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டான், மறு கையால் மஞ்சள் குழாயை நீட்டினான். அதை வாங்கி வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்தேன். இழுக்காவிட்டால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தான். என் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் மீட்டரைத் திருப்பிப் பார்த்தான். முள் ஏறக்குறைய முழுதாகக் காட்டியது.

கண்ணாடிக்குள்ளிருந்து அவன் கண் என்னைப் பார்த்தது. புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. அடிப்பான், என் குழாயைப் பிடுங்குவான் என்று தயாராக இருந்தேன். அவன் எட்டி என் கொக்கியைத் தொட்டான். ஒரு பக்கம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது, இரண்டு பேர் பாரம் அல்லவா. அதை நன்றாக உள்ளே அழுத்தி, இழுத்துப் பார்த்தான். நான் மஞ்சள் குழாயை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பிரித்தேன். இரண்டு விரலைத்தான் பிரித்தேன். மற்றவை தாமாகவே விட்டுவிட்டன. இதைச் சொல்வதால் என் பங்கு குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அவன் விடாவிட்டாலும் நான் பிரித்திருப்பேன்.

அவன் கீழே போனான், குமிழிகளும் அவன் கூடவே போயின. என் புருஷன் போனதை நீ பார்த்தாய், நீ போவதை இப்போது நான் பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொன்னேன். உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நன்றாக மூச்சு விட்டேன். அதன்பின் கொக்கியைக் கழற்றிக்கொண்டு, சுவரைப் பிடிக்கப் பார்க்காமல், திறந்த கடலைப் பார்த்து நீந்தினேன். அப்படிப் போனால் இழுப்பு விட்டுவிடும். என் கணவர் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பல வருஷம் தண்ணீரில் இறங்காதவனுக்கு அது எப்படி நினைவுக்கு வரும்?

யோசித்துப் பாருங்கள். கழுத்தில் கை வைத்ததைப் பார்த்ததும் எப்படிப் பாய்ந்து வந்தான்? அதில் பாதி வேகத்தை அன்று அண்ணனுக்குக் காட்டியிருந்தால் எங்களுக்கு இந்த நிலைமை வந்திருக்குமா? காட்டவில்லை. காட்டியிருக்கவே முடியாது. காட்டியிருந்தால் என் கணவர் உயிரோடு இருந்திருப்பார். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு மாதிரி இருக்க வழியே இல்லை.

அதனால் விபத்து என்று எழுதாதீர்கள். என் கணவருக்கும் அந்த வார்த்தையைத்தான் எழுதினார்கள். விட்டுவிட்டு வந்தவனுக்கும் அதே வார்த்தையா? அவன் செய்ததற்குத் தண்டனை கிடைத்தது, கொடுத்தது நான். பொய்ச் சைகை காட்டி வரவழைத்து, கொக்கி இல்லாதவனை இறக்கத்தில் தள்ளிக் கொன்றேன். எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அத்தையிடம் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று முழுக்க என் கையை விடவில்லை. "உன்னை எதுக்கு அந்தப் பாழாப்போன இடத்துக்குக் கூட்டிட்டுப் போனான், அறிவுகெட்டவன்" என்று அவனைத் திட்டிக்கொண்டே அழுதார். அவனை அவர் திட்டி இப்போதுதான் கேட்கிறேன். கேட்பதற்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நான்தான் கொன்றேன் என்று தெரிந்தால் என்னைச் சபிப்பார், வீட்டைவிட்டுத் துரத்துவார். அது பரவாயில்லை, அதை நான் தாங்கிக்கொள்வேன்.

நீங்கள் மற்றதெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள் சார். என் கணவர் இறந்த அன்று நேரம் சொன்னது யார் என்பதை மட்டும் எழுத வேண்டாம். அத்தை பேப்பர் படிப்பார்.